மனைவியின் மூக்கால் எழுதிய மதிப்புரைகள்

நெல் கொள்முதல் நிலையத்தில் தரம் பார்க்கும் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். வலங்கைமானைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் நெல்லைக் கையில் அள்ளி, பதரும் கருக்காயும் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று சொல்வது என் தொழில். ஈரம் பார்க்க மெஷின் கொடுத்திருந்தார்கள். அதை உறையிலிருந்து எடுப்பதற்கு முன்பே நாலு நெல்மணியைப் பல்லில் கடித்துவிட்டு, "இன்னொரு வெயில் காட்டுங்க" என்று சொல்லிவிடுவேன். மெஷினும் பெரும்பாலும் அதையேதான் சொல்லும். இதனால் எனக்கு ஒரு நோய் வந்தது. எதைக் கொடுத்தாலும் தரம் சொல்லிவிடலாம் என்கிற நோய். ஓய்வு பெற்ற பிறகும் அது போகவில்லை. கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்தால் சாம்பாருக்கு மதிப்பெண் போடுவேன். சாவு வீட்டுக் காப்பியைப் பற்றிக்கூட ஒரு தடவை கருத்துச் சொல்லியிருக்கிறேன்.

அந்த நோய் முற்றியது பைப் புகையிலையில்.

பைப்பைக் கொண்டுவந்தவன் என் மச்சினன், அமெரிக்காவில் இருப்பவன். நான் அப்போது சிகரெட்டை விட்டே தீரவேண்டிய நிலைமையில் இருந்தேன். டாக்டர் சொன்னதைவிட என் மனைவி சொன்ன விதம் கடுமையாக இருந்தது. மச்சினன் பெட்டியைத் திறந்து மரத்தில் செய்த ஒரு பைப்பையும் ஒரு டின் புகையிலையையும் எடுத்து வைத்தான்.

"அத்தான், இத நெஞ்சுக்குள்ள இழுக்க வேண்டாம். வாயில வச்சிருந்து விட்டுடலாம். வாசனைக்காகத்தான் குடிக்கிறது" என்றான்.

என் மனைவி தம்பியைப் பார்த்தாள். "ஒண்ண விடச் சொன்னா நீ இன்னொண்ணக் கொண்டாந்து கொடுக்கிறியா. நல்லா இருடா" என்றாள்.

டின்னின் மேல் பர்லி என்று எழுதியிருந்தது. நிழலில் தொங்கவிட்டுக் காற்றாட உலர்த்துகிற புகையிலை அது. இலையில் சர்க்கரை அநேகமாகக் கிடையாது. அதனால் தானாக இனிக்காது. ஆனால் எந்த வாசனையை ஏற்றினாலும் குடித்துக்கொள்ளும். வறுத்த கடலை, கோகோ, வைக்கோல் போன்ற வாசனைகள் அதில் இயல்பாகவே இருக்கும் என்பார்கள். நிக்கோட்டினும் அதிகம். இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை. முதல் நாள் எனக்குத் தெரிந்ததெல்லாம், பத்து நிமிஷத்தில் பதினாலு தீக்குச்சி தீர்ந்ததும், அதன் பிறகு அரை மணி நேரம் விக்கல் நிற்காததும்தான்.

ஐப்பசி மாதம். எங்கள் பக்கத்தில் அந்த மாதத்தில் தீப்பெட்டிகூட வியர்க்கும். புகையிலை கொஞ்சம் உலர்ந்தால்தான் பைப்பில் நன்றாக எரியும் என்று மச்சினன் சொல்லியிருந்தான். செய்தித்தாளில் பரப்பி ஃபேனுக்கு அடியில் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து, பதம் வந்துவிட்டதா என்று பார்க்க, கை பழக்கத்தில் நாலு துணுக்கை எடுத்துப் பல்லில் கடித்துவிட்டேன். கொல்லைக் குழாயில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது மனைவி துணி காயப்போட வந்தாள்.

"அதையும் கடிச்சாச்சா" என்று மட்டும் கேட்டாள்.

மச்சினன் ஊருக்குப் போகும் முன் என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டுப் போனான். பைப் பிடிக்கிறவர்கள் ஒரு நாற்பது பேர். சென்னை, கோயம்புத்தூர், திருச்சி, சிங்கப்பூர் என்று பல ஊர்க்காரர்கள். ஒவ்வொருவரும் தாங்கள் புகைத்த கலவையைப் பற்றி எழுதிப் போடுவார்கள். டின்னைத் திறந்ததும் என்ன வாசனை, பற்றவைத்ததும் என்ன, பாதியில் என்ன, அறையில் தங்குகிற வாசனை என்ன. படித்ததும் என் கை பரபரத்தது. தரம் பார்க்கிறவனைத் தேடி ஒரு சபை வந்திருக்கிறது. நான் சும்மா இருக்கலாமா.

டின்னைத் திறந்து முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கிட்டே வைத்து, மூக்கில் தூள் ஒட்டும் அளவுக்கு முகர்ந்தேன். ஒன்றுமில்லை. சரி, இது அடக்கமான இலை போலிருக்கிறது என்று முடிவு செய்து எழுதினேன்: "இந்தப் பர்லியின் வாசனை பணிவானது. தன்னை முன்னிறுத்திக்கொள்ளாதது. அவசரப்படுகிறவர்களுக்கு இது வசப்படாது."

கால் மணி நேரத்தில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பதில் போட்டார். "சார், அந்த டின்னைத் திறந்தா எங்க வீட்டுல பக்கத்து ரூம்ல இருக்கறவங்க சாக்லேட்டான்னு கேட்டு வர்றாங்க. நீங்க டின்னைத் திறந்துதான் பார்த்தீங்களா?"

நாலைந்து பேர் சிரிக்கிற முகம் போட்டிருந்தார்கள்.

டின்னை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மனைவி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. நானும் பக்கத்தில் நின்றேன். எனக்கும் கண் எரிந்தது. ஆனால் வெங்காய வாசனை வரவில்லை. அப்போதுதான் பழைய காய்ச்சல் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் ஒரு காய்ச்சலில் படுத்திருந்தேன். அப்போது பத்து நாள் வாசனை தெரியவில்லை. பிறகு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ரசத்தில் புளிப்பு தெரிந்தது, மிளகு காரம் ஏறியது, உப்பு கூடினால் கண்டுபிடித்தேன். அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று இருந்துவிட்டேன். நாக்கு வேறு, மூக்கு வேறு என்பது அறுபது வயது தாண்டியும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இதை மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டின்னை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, ஏதோ பரீட்சை வைக்கிறவன் மாதிரி, "இது என்ன வாசனைன்னு சொல்லு பார்ப்போம்" என்றேன்.

அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மூட்டையைப் பிரிக்காமலே அரிசியில் வண்டு விழுந்திருக்கிறதா என்று சொல்வாள். பருப்பு பழையதா புதியதா என்பது அவளுக்கு வாசற்படியிலேயே தெரிந்துவிடும். முன்னங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு முறை மூச்சை இழுத்தாள்.

"கேவுரு மாவு வறுத்த மாதிரி இருக்கு. மேல கோகோ பவுடர். அடியில நனைஞ்ச சாக்கு" என்றாள். பிறகு, "எடுத்துட்டுப் போங்க. சாம்பார்ல விழுந்துடப் போவுது" என்றாள்.

அதை அப்படியே எழுதினேன். கொஞ்சம் பவுடர் பூசினேன்: "முதலில் வறுத்த கேழ்வரகு மாவின் வெம்மை. அதன் மேல் கோகோ ஒரு மெல்லிய போர்வை. ஆழத்தில், மழையில் நனைந்த கோணிச் சாக்கின் மண்வாடை." முந்தைய கருத்து அவசரத்தில் எழுதியது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

குழு அசந்துபோய்விட்டது. கோயம்புத்தூர்க்காரரே, "நனைஞ்ச சாக்கு. ஆமா சார். ரெண்டு வருஷமா எனக்கு அது என்னன்னு சொல்லத் தெரியல" என்று எழுதினார்.

அன்றிலிருந்து எட்டு மாதம் இந்தத் திருட்டு நடந்தது. குழுவில் உள்ளவர்கள் சின்னப் பைகளில் புகையிலை மாதிரிகளை கூரியரில் அனுப்ப ஆரம்பித்தார்கள். நான் பிரித்து, மனைவி வேலையாக இருக்கும் நேரம் பார்த்துக் கொண்டுபோய் நீட்டுவேன். அவள் எரிச்சலோடு ஏதாவது சொல்வாள். தாளடி நெல் அறுத்த மறுநாள் வயல். டிரங்குப் பெட்டியில் வைத்த பட்டுப்புடவை. கடலை இல்லை, கடலைத் தோல். ஒரு தடவை, "கரண்டு கம்பி சூடான மாதிரி" என்றாள். அதை "மின்னலுக்குப் பிந்தைய காற்று" என்று மாற்றினேன். கொல்லையில் உட்கார்ந்து நான் புகைத்துக்கொண்டிருக்கும்போது, சமையலறை ஜன்னல் வழியாக அவள் முணுமுணுப்பதையும் விடுவதில்லை. செல்போனை மடியில் வைத்துக் குறித்துக்கொள்வேன். குழுவில் என்னை 'தஞ்சாவூர் மூக்கு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த மூக்கு அடுப்பில் பால் பொங்கிக் கருகுவதை ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு கவனிக்காமல் இருந்த மூக்கு. புகழ் வந்தபோது அதை நினைத்துப் பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

இப்படி இருக்கையில் திருச்சியிலிருந்து குழு உறுப்பினர் ஒருவர் போன் செய்தார். கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஆந்திராவில் விளைந்த பர்லி இலையை ஒரு நண்பர் மூலம் வரவழைத்து, தாமே ஒரு கலவை செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார். விற்பதற்கு இல்லை. அடுத்த பொங்கலுக்கு நண்பர்கள் எட்டுப் பேருக்கு ஆளுக்கொரு பாட்டில் கொடுக்க ஆசை.

"மூணு விதமா செஞ்சு வச்சிருக்கேன் சார். ஆறு மாசமா அதையே மோந்து மோந்து என் மூக்கு மரத்துப்போச்சு. எது நல்லதுன்னு எனக்கே தெரியல. நீங்கதான் சொல்லணும். ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

வாருங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மனைவி வீட்டில் இருப்பாள். எப்படியாவது சமாளிக்கலாம் என்பது என் கணக்கு.

அவர் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். கும்பகோணத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர், பக்கம்தானே என்று கிளம்பி வந்திருக்கிறார். என் மனைவி அன்று காலையில்தான் திருப்பனந்தாளில் அவள் தங்கை வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தாள். நான் ஒரு சர்வாதிகாரியின் சிலையைப் போலப் பைப்பும் கையுமாகத் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. பையிலிருந்து மூன்று கண்ணாடி பாட்டில்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். மூடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி ஒட்டியிருந்தது. பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் எந்த இலை எத்தனை கிராம், எத்தனை நாள் ஊறியது என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது.

"எதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லமாட்டேன் சார். நீங்களா சொன்னாத்தான் எனக்கு நிம்மதி" என்றார்.

முதல் பாட்டிலைத் திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தேன். தலையைச் சாய்த்தேன். அறையில் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. பைப்பில் நிரப்பிப் பற்றவைத்தேன். நாக்கில் கொஞ்சம் தித்திப்பு தட்டியது, பிறகு நாக்கு சுட்டது. "ம்" என்றேன். அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

பைப்பைத் துடைத்துவிட்டு இரண்டாவதை நிரப்பினேன். இழுத்ததும் தொண்டையிலும் மூக்கின் உள்ளேயும் ஒரு குளிர்ச்சி ஓடியது. எட்டு மாதத்தில் என் மூக்குக்குள் முதல் தடவையாக ஏதோ ஒன்று நடந்தது. சந்தோஷத்தில் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தேன். பர்லி குளிர்ச்சியாக எரியும் என்று குழுவில் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். இதுதான் அது என்று தீர்மானித்தேன். மூன்றாவதை நாலு இழுப்போடு வைத்துவிட்டேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. விக்கல் மட்டும் வந்தது.

"ரெண்டு" என்றேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "ரெண்டா சார்? எனக்கு ரெண்டுல ஏதோ சாமி ரூம் வாசனை மாதிரி ஒரு சந்தேகம்..."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். விக்கலுக்கு நடுவே அவருக்குப் பாடம் நடத்தினேன். "அது நீங்க நினைக்கிற வாசனை இல்ல சார். நல்லா முதிர்ந்த பர்லிக்கு அந்தக் குளிர்ச்சி வரும். நம்ம ஊரு மூக்குக்கு அது பழக்கமில்ல. அவ்வளவுதான். ஒண்ணும் மூணும் அதுகிட்ட நிக்காது."

அவர் முகம் தெளிந்தது. நோட்டில் 'இரண்டு' என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "அப்போ எட்டுப் பேருக்கும் ரெண்டையே போட்டுடறேன். மிச்ச இலையெல்லாம் இதுலயே கலந்துடலாம். உங்ககிட்ட வந்தது நல்லதாப் போச்சு" என்றார்.

அந்தப் பார்வையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் மணியைக் கடித்துவிட்டுத் தலையசைத்தால் இந்த முகம்தான். அங்கே என் பல்லுக்கு விஷயம் தெரிந்திருந்தது. இங்கே என்ன தெரிந்தது என்று நினைத்தபோது எனக்கு வியர்த்தது. நிக்கோட்டின் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தேன். மதியம் ஓட்டலிலிருந்து சாப்பாடு வரவழைத்தேன். நாலு மணிக்கு பஸ் என்று அவர் கிளம்பத் தயாரானார்.

மூன்றரை மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. என் மனைவி இரண்டு கை நிறைய கண்ணாடி வளையலோடு உள்ளே வந்தாள். வந்திருந்தவரைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க, உக்காருங்க" என்றாள். பிறகு நின்று மூச்சை இழுத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, கற்பூரத்தப் பைப்புல போட்டா கொளுத்துனீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் இரண்டாம் நம்பர் பாட்டிலை எடுத்து மூடியைக் கழற்றி, மூடியின் உட்புறத்தை முகர்ந்தார்.

"இந்த மூடி எங்க வீட்டு பூஜை அலமாரில இருந்து எடுத்தது. மூணு தடவ கழுவினேன்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு என்னிடம், "சார், நீங்க முதிர்ந்த பர்லின்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு வாசனையே தெரியாது சார்" என்றேன். "ரெண்டு வருஷமா தெரியாது. குழுவுல நான் எழுதினதெல்லாம் இவ சொன்னது. நனைஞ்ச சாக்கு, பட்டுப்புடவை, எல்லாம்."

மனைவி கைப்பையைக் கீழே வைத்தாள். "எழுதினீங்களா? எங்க எழுதினீங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, இரண்டு பேரையும் ஏமாற்றியிருக்கிறேன் என்பது. செல்போனை எடுத்துக் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். மின்னலுக்குப் பிந்தைய காற்று என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். கணக்கு வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் நேரம் தாண்டிவிட்டது.

"மூக்கு போச்சுன்னு என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள்.

தரம் பார்க்கிறவன் என்கிற ஒன்றைத் தவிர என்னிடம் வேறென்ன இருக்கிறது என்று பயந்தேன் என்பதுதான் உண்மை. அதை இப்போது எழுதுகிற மாதிரி அன்று சொல்ல வரவில்லை. "பயந்துட்டேன்" என்றேன்.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு வந்து, வந்தவருக்குக் காப்பி கொடுத்தாள். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, தப்பா நினைக்கலேன்னா அந்த ஒண்ணையும் மூணையும் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"கொளுத்தக் கூடாது. இலையா கொடுங்க" என்றாள்.

முதல் பாட்டிலை முகர்ந்தாள். "இதுல பனவெல்லப் பாகு ஊத்திருக்கீங்க. பாகு கொஞ்சம் அடிபிடிச்சுப்போச்சு." அவர் நோட்டைத் திறந்து பார்க்காமலே தலையாட்டினார். மூன்றாவதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "இது நல்லா இருக்கு. வறுத்த கடலை, காஞ்ச வைக்கோல். ஆனா மொட்டையா இருக்கு. புதுசா பாகு காச்சி, அடிபிடிக்காம இறக்கி, இதுல பத்துல ஒரு பங்கு தெளிங்க." அவர் எழுதிக்கொண்டார். அடுத்த பஸ்ஸுக்கு நான்தான் அவரைக் கொண்டுபோய் விட்டேன். வழியில் அவர் என்னிடம் கோபமாக எதுவும் பேசவில்லை. மழை வருமா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். நான் அதிகம் சொல்லிப் பழகாத வார்த்தை அது.

அன்று மாலையே குழுவில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். பிறகு கோயம்புத்தூர்க்காரர், "அம்மாவுக்கு எங்க நமஸ்காரம். அவங்க குழுவுல சேருவாங்களா?" என்று கேட்டார். மனைவியிடம் காட்டினேன். "நாப்பது பேரு புகைய நான் எதுக்குங்க மோந்து பாக்கணும்" என்றாள்.

அடுத்த வாரம் தஞ்சாவூரில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அவளே கூட்டிக்கொண்டு போனாள். எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ் தைலம், பன்னீர் என்று நாலு பாட்டில் வைத்துக்கொண்டு தினம் இரண்டு வேளை முகர வேண்டும் என்றார் டாக்டர். புகையை விடச் சொன்னார். நான் குறைத்தேன். மனைவி ஒவ்வொரு பாட்டிலாக நீட்டுவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வேன். நாலு மாதம் நாலுக்கும் ஒரே பதில்தான்.

ஒரு நாள் காலையில் அலமாரியைத் திறந்தபோது ஏதோ நாறியது. எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து, பீரோவை நகர்த்தி, கட்டிலடியில் விளக்குமாற்றை விட்டுத் தேடினேன். பிறகுதான், நாற்றம் எனக்குத் தெரிகிறது என்பதே உறைத்தது. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்துவிட்டு அலமாரிக்குள் தொங்கிய என் சட்டையை எடுத்து நீட்டினாள்.

"எலி இல்ல. இதான். பழைய பைப் வாசனை" என்றாள்.

"ஒரு வருஷமா இப்படியா இருந்துச்சு?"

"இதவிட அதிகமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேங்க. நீங்க அத எழுதி குரூப்புல போட்டீங்க."

சட்டைகள் எல்லாவற்றையும் நானே துவைத்தேன். மூன்று அலசல் ஆயிற்று. துவைத்துக்கொண்டிருந்தபோது சோப்பு வாசனை ஒரு நொடி வந்துவிட்டுப் போனது.

பொங்கலுக்கு முந்தின நாள் திருச்சியிலிருந்து பார்சல் வந்தது. முகவரியில் மனைவி பெயர். உள்ளே ஒரு பாட்டில், ஒரு சின்னச் சீட்டு: "பாகு அடிபிடிக்காமல் இறக்கினேன், அம்மா." அவள் திறந்து முகர்ந்துவிட்டு, "வந்துடுச்சு" என்றாள். பாட்டிலை என்னிடம் கொடுத்தாள். "ஒரு தடவ. வீட்டுக்குள்ள வேண்டாம்."

கொல்லையைத் தாண்டி வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்தேன். எதிரே சம்பா அறுப்புக்கு நின்றது. இரண்டு தீக்குச்சியில் பற்றிக்கொண்டது. நிதானமாக எரிந்தது. நடுவில் எங்கோ ஒரு இழுப்பில் ஏதோ வந்தது. கடலையா, வைக்கோலா, பக்கத்து வயலிலிருந்து வந்ததா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பிடித்திருந்தது. முடித்துவிட்டுக் குழுவில் எழுதினேன்: "நன்றாக எரிகிறது. நாக்கைச் சுடவில்லை. வாசனையைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. விக்கல் வந்தது."

வாத்தியார் உடனே பதில் போட்டார். "எத்தனை தடவ சார்?"

"ஒன்பது" என்று எழுதினேன். அவர் நோட்டில் குறித்துக்கொள்வதாகச் சொன்னார்.